வால் தாழ்ந்தால் விளக்கு வானம் பார்க்கும்

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மூன்று இரவுகளில் எங்கள் வானொலிக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகள் பெரும்பாலும் நெரிசலைப் பற்றியவைதான். தாப்பாவில் வண்டி நகரவில்லை, மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னால் ஊர்கிறது என்று நேயர்கள் அனுப்ப அனுப்ப நானும் வாசித்துக்கொண்டே இருப்பேன். அவற்றுக்கு நடுவே ஆண்டு தவறாமல் ஒரு புகார் வரும். பின்னால் வருகிற பெரிய வண்டிகள் ஏன் ஹை பீம் போட்டுக்கொண்டே வருகின்றன, கண்ணாடியைப் பார்க்கவே முடியவில்லை என்று.

அந்த வண்டிகளில் பல ஹை பீம் போடவே இல்லை. பின்பக்கம் அமுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஏழு பேர் உட்கார்ந்து, பூட் நிறைய சாமான் ஏற்றிய ஒரு ஃபோர் வீலின் பின்பகுதி 5 சென்டிமீட்டர் தாழ்ந்தால் போதும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.75 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வண்டி கிட்டத்தட்ட ஒரு டிகிரி அண்ணாந்துவிடுகிறது. அந்த ஒரு டிகிரியால் 50 மீட்டர் தூரத்தில் விளக்கின் ஒளி 90 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் முன்னால் போகிறவரின் கண்ணாடியில் விழும். ஓட்டுகிறவருக்கோ சாலை இருட்டாகத் தெரியும். விளக்கு வேலை செய்யவில்லை என்று நினைத்து அவர் உண்மையாகவே ஹை பீமைத் தட்டிவிடுவதும் உண்டு.

பல வண்டிகளில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சிறு திருகு சக்கரம் இருக்கும். சுமை ஏற்றினால் விளக்கைக் கீழே இறக்குவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். பணம் கேட்காத தீர்வு என்பதாலோ என்னவோ, அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

கிள்ளானில் இருக்கும் என் அண்ணன் குடும்பத்துக்கு விளக்கைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. முட்டி அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அம்மா நடு வரிசையில் உட்காருவார். சுங்கை பட்டாணி வீட்டுக்குப் போகும்போதெல்லாம், பாலத்தின் இணைப்பிலோ சாலை மேட்டிலோ சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து 'டம்' என்று ஒரு சத்தம். ஸ்பிரிங் தன் பயணத்தை முடித்துவிட்டு ரப்பர் கட்டையில் மோதும் சத்தம் அது. அம்மா வாய் திறந்து எதுவும் சொல்வதில்லை. கையால் மேலே இருக்கும் பிடியைப் பற்றிக்கொள்வார். அதைக் கண்ணாடியில் பார்த்துத்தான் அண்ணன் பின் ஸ்பிரிங்குக்குள் காற்றுப்பை போடும் முடிவுக்கு வந்தார்.

ஏர்பேக் என்றதும் ஸ்டியரிங்கிலிருந்து வெடித்து வந்து உயிரைக் காப்பாற்றும் பை நினைவுக்கு வரும். இது வேறு. தஞ்சோங் மாலிமுக்கோ ஈப்போவுக்கோ போகும் எக்ஸ்பிரஸ் பஸ் நிற்கும்போது 'புஸ்' என்று மூச்சு விடுகிறதே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் பஸ்ஸில் காற்றுப்பைதான் முழு எடையையும் தாங்குகிறது. நம் வண்டியில் அது இரும்பு ஸ்பிரிங்குக்கு ஒரு கைத்தாங்கல் மட்டுமே. ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் அப்படியே இருக்கும், பை அதற்குத் துணை நிற்கும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஃபார்ச்சூனர், பஜேரோ ஸ்போர்ட் போன்றவற்றில் பின்னால் காயில் ஸ்பிரிங். அதன் உள்ளே செருகும் பை நீளமான பலூன் போல, பெரும்பாலும் பாலியூரிதேனால் ஆனது. ஹைலக்ஸ், டிரைட்டன் போன்ற பிக்கப் வண்டிகளில் பட்டை ஸ்பிரிங். அங்கே சேஸிக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இரண்டு வடையை அடுக்கியது போன்ற ரப்பர் பை உட்காரும். காயில் வகைப் பைகளில் அமெரிக்காவின் ஏர் லிஃப்ட் 1000, ஃபயர்ஸ்டோன் காயில்-ரைட் இரண்டும் குறைந்தது 5, அதிகபட்சம் 35 பிஎஸ்ஐ காற்று என்கின்றன. பட்டை ஸ்பிரிங்குக்கான பெரிய பைகளில் 100 பிஎஸ்ஐ வரை போகும். எந்தப் பையாக இருந்தாலும் காலியாக ஓட்டக்கூடாது. காற்றில்லாத பை மடிந்து, ஸ்பிரிங்கின் சுருளில் கடிபட்டுக் கிழிந்துவிடும். 5 என்ற கீழ் எல்லை அதற்காகத்தான்.

இந்தப் பை எவ்வளவு தூக்கும் என்பதைப் பள்ளிக்கூடக் கணக்கே சொல்லிவிடும். பையின் குறுக்களவு 9 சென்டிமீட்டர் என்றால் பரப்பு ஏறக்குறைய 10 சதுர அங்குலம். 20 பிஎஸ்ஐ காற்றில் அது தாங்குவது 200 பவுண்டு, அதாவது 90 கிலோ. இரண்டு பக்கமும் சேர்த்து 180 கிலோ. கடைக்காரர் ஒரு டன் என்று சொன்னால் எந்த அழுத்தத்தில், எந்த அளவுப் பையில் என்று கேளுங்கள்.

பொருத்தும் வேலையை ஒரு சனிக்கிழமை காலை, அண்ணன் வழக்கமாகப் போகும் பட்டறையில் நின்று பார்த்தேன். ஃபோர்மேன் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். "அக்கா, ரேடியோல வர்றவங்கதானே நீங்க?" என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு என்னை மறந்தே போனார். நல்ல வேலைக்காரர்.

வண்டியைத் தூக்குமுன் அவர் செய்தது அளவெடுப்பு. பின் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு வளைவு வரை 56 சென்டிமீட்டர். அதைச் சுவரில் சாக்கட்டியால் எழுதினார். பிறகு சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, ஆக்சிலுக்கு அடியில் தனியாக ஒரு ஜேக் வைத்தார். அப்சார்பரின் கீழ் போல்ட்டை எடுத்ததும் ஆக்சில் தொங்க ஆரம்பிக்கும். அந்தச் சமயத்தில் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடக் கூடாது என்பதால்தான் அந்த ஜேக். அவசரக்காரர்கள் கோட்டை விடும் இடம் இது என்றார்.

பையைக் கையிலெடுத்து உள்ளே இருந்த காற்றையெல்லாம் பிழிந்து வெளியேற்றி, வால்வை மூடினார். இப்போது பை வற்றிய பலூன். அதை நீளவாக்கில் தோசை சுருட்டுவது போல் சுருட்டி, ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு இடையிலே விட்டு உள்ளே தள்ளினார். மூடியைத் திறந்ததும் பை மூச்சு வாங்கிக்கொண்டு விரிந்தது. அண்ணன் வண்டியில் ஸ்பிரிங்குக்குள் எதுவும் இல்லாததால் வேலை சுலபம். சில வண்டிகளில் பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர் கட்டை உள்ளேயே இருக்கும். அதைக் கழற்றுவதா, விட்டுவைப்பதா என்பது அந்தந்த வண்டிக்கான கிட்டின் தாளில் எழுதியிருக்கும். ஒரு வண்டிக்கான பையை இன்னொரு வண்டிக்குள் திணித்து, 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்கிற பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

அதிக நேரம் பிடித்தது பை அல்ல, காற்றுக் குழாய். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத அந்த ஹோஸ் எக்ஸாஸ்ட்டைத் தொட்டால் உருகும், ஆடும் கம்பியில் உரசினால் ஓட்டை விழும். ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் நெருங்கி வந்ததால் நடுவில் வெப்பத் தடுப்புத் தகடு ஒன்றை மாட்டினார். ஹோஸின் முனையைக் கத்தரிக்கோலால் நசுக்கி வெட்டாமல், புது பிளேடால் நேராக வெட்டினார். சாய்வாக வெட்டினால் வால்வுக்குள் சரியாக உட்காராது, ஒரே இரவில் காற்று இறங்கிவிடும். வால்வுகள் இரண்டும் பின் நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் வந்தன. கடைசியாக எல்லா இணைப்பிலும் சவர்க்காரத் தண்ணீர். குமிழி வரவில்லை.

ஏன் இரண்டு வால்வு, ஒரே குழாயில் இணைத்தால் காற்றடிப்பது சுலபம்தானே என்று கேட்டேன். "வளைவுல வண்டி சாயும்போது அமுங்குற பக்கத்துக் காத்து அடுத்த பக்கம் ஓடிடும் அக்கா. தாங்க வேண்டிய பக்கம் தளர்ந்து போயிடும்" என்றார். கேமரன் மலைப் பாதையை நினைத்துப் பார்த்தேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

அன்று மாலையே அண்ணன் அந்த வாக்கியத்தைச் சொன்னார். "இனி பிரச்னை இல்லமா. பெரியம்மாவோட மாவு கிரைண்டரையும் ஏத்திக்கலாம், மேலே ஒரு பெரிய பெட்டியும் வாங்கிப் போட்டுறலாம்."

காற்றுப்பை போட்ட எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் இந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பார். வண்டி தாழ்ந்து நின்றபோது சுமை அதிகம் என்று கண்ணுக்குத் தெரிந்தது. நிமிர்ந்து நின்றவுடன் சுமையே குறைந்துவிட்டது போலத் தோன்றுகிறது. வாக்குவாதம் செய்வதைவிட எடை போட்டுப் பார்த்துவிடலாம் என்று சொன்னேன். காப்பார் பக்கத்தில் செம்பனைக் குலை வாங்கும் இடம் ஒன்றில் லாரி எடை மேடை இருக்கிறது. குலை லாரிகள் ஓய்ந்த நேரத்தில், சிறு கட்டணத்துக்கு எங்கள் வண்டியையும் ஏற்றவிட்டார்கள். மேடையின் திரை 20 கிலோ கணக்கில்தான் காட்டும், எங்களுக்கு அது போதும்.

முதலில் அண்ணன் மட்டும், அரை டேங்க் டீசலுடன். மொத்தம் 2,220 கிலோ. பிறகு முன் சக்கரங்கள் மட்டும் மேடையில். 1,180. அப்படியானால் பின்னால் 1,040.

அடுத்து, ஊருக்குப் போகும் கோலத்தில் மொத்தக் குடும்பமும். அண்ணன், அண்ணி, அம்மா, பெரியம்மா, மூன்று பிள்ளைகள். கூரையில் துணிப்பைகள் 45 கிலோ. பூட்டில் இருந்ததை வீட்டுத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதியிருந்தேன். சக்கர நாற்காலி 15, ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் பெட்டி இரண்டு 36, அரிசி 10, கிரைண்டர் 12, முறுக்கு டின்கள் 12, கருவிப் பெட்டியும் சில்லறைச் சாமான்களும் 15. சரியாக 100 கிலோ. மேடை காட்டியது 2,660. முன்னால் 1,240, பின்னால் 1,420.

ஏறியது 440 கிலோ. அதில் முன்சக்கரங்கள் வாங்கிக்கொண்டது 60 மட்டும். மீதி 380-உம் பின்னால்.

காரணம் ஏற்றப்பலகைக் கணக்கு. பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் தள்ளி வைத்த 100 கிலோ, பின் அச்சை 100 கிலோ அழுத்துவதில்லை. 136 கிலோ அழுத்துகிறது. கூடுதலான அந்த 36 கிலோவை அது முன் அச்சிலிருந்து தூக்கிவிடுகிறது. ஸ்டியரிங் பிடிப்பும் பிரேக்கின் பெரும்பங்கும் முன் சக்கரங்களில் இருக்கும்போது, அங்கிருந்து எடையைத் திருடுவது நல்ல காரியமல்ல.

இனிதான் நான் எதிர்பார்த்த கட்டம். இவ்வளவு நேரமும் பைகளில் 5 பிஎஸ்ஐதான் இருந்தது, பின் உயரம் 50.5 சென்டிமீட்டர். வண்டியை நகர்த்தாமல், பின் சக்கரங்கள் மேடைமேல் இருக்கும்போதே, கையடக்க பம்பால் இரண்டு பையிலும் 20 பிஎஸ்ஐ வரை காற்றேற்றினோம். வண்டியின் வால் கண் முன்னாலேயே எழுந்தது. 53 சென்டிமீட்டர். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

திரையில் எடை 1,420. ஒரு கிலோகூட மாறவில்லை.

அண்ணன் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காற்றுப்பை உயரத்தை மாற்றும். ஸ்பிரிங் அடிவரை மோதாமல் இடம் விட்டுக் கொடுக்கும். விளக்கைக் கீழே இறக்கும். ஆனால் ஆக்சிலும் டயரும் பிரேக்கும் சுமப்பது அதே எடையைத்தான். வண்டி எவ்வளவு தாங்கலாம் என்ற தயாரிப்பாளரின் எல்லையும் அதேதான். லாரிக் கதவுகளில் 'பெராட் தன்பா முவாத்தான்', 'பெராட் டெங்கான் முவாத்தான்' என்று சுமையில்லாத எடையும் சுமையுடன் அனுமதிக்கப்பட்ட எடையும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் வண்டிக்கும் அந்த இரண்டாவது எண் உண்டு. கதவில் எழுதாமல் கையேட்டில் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அண்ணன் வண்டியில் அந்த எல்லைக்கு இன்னும் சில பத்துக் கிலோதான் மிச்சம் இருந்தது. பெரிய கூரைப் பெட்டியும் அதற்குள் போகும் சாமானும் அந்த மிச்சத்தைத் தாண்டியிருக்கும்.

அங்கேயே தண்ணீர்ப் பெட்டிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. சுங்கை பட்டாணியில் தண்ணீர் கிடைக்காதா என்ன? அந்த 36 கிலோவை இறக்கினால் பின் அச்சில் 49 கிலோ குறையும். கூரைப் பெட்டி வாங்கும் பேச்சு நின்றது. கருவிப் பெட்டியைப் பூட்டிலிருந்து எடுத்து முன் சீட்டின் பின்புறத் தரையில் வைத்துக் கட்டினார். கிரைண்டர் விஷயத்தில் மட்டும் பெரியம்மா இறங்கி வரவில்லை.

டயரையும் ஒரு முறை பார்த்துக்கொண்டோம். பக்கச் சுவரில் அளவுக்குப் பக்கத்தில் 110 என்று இருந்தது. அந்தக் குறியீட்டின் பொருள், ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும். பின்னால் 1,420-க்கு இரண்டு டயர்கள் தாராளம், முழுச் சுமைக்குச் சொல்லப்பட்ட காற்று இருந்தால். பலர் பைக்குக் காற்றடித்துவிட்டு டயரை மறந்துவிடுகிறார்கள். முறை தலைகீழாக இருக்க வேண்டும்.

சுமையோடு 53-க்கு வந்த உயரத்தை மீண்டும் 56 ஆக்கிவிடலாமே என்ற ஆசை வரும். வேண்டாம். தாழ்ந்ததில் பாதியை மீட்டால் போதும். விளக்குக்கு மீதியை அந்தத் திருகு சக்கரம் பார்த்துக்கொள்ளும். ஊரில் சாமானை இறக்கிய பிறகு காற்றையும் 5-க்கு இறக்க வேண்டும். காலி வண்டியில் பை விறைத்திருந்தால் பின்சக்கரம் குதிக்கும், ஈரச் சாலையில் அந்தக் குதிப்பு வண்டியின் வாலை வீசும். அப்சார்பரும் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் பை அதை மறைக்காது, காட்டிக்கொடுக்கும்.

பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். முதலாவது சேஸி. பட்டை ஸ்பிரிங், சுமையை சேஸியின் இரண்டு இடங்களில், ஆக்சிலுக்கு முன்னும் பின்னும், பிரித்துக் கொடுக்கிறது. அதன் மேல் வைக்கும் காற்றுப்பை ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் முட்டுக்கொடுக்கிறது. தொட்டியின் கடைசியில் ஜெனரேட்டரும் கூடாரச் சாமானும் ஏற்றி, பையில் முழுக் காற்றும் வைத்து, மேடுபள்ளத்தில் ஓட்டினால் அந்தப் புள்ளியைச் சுற்றி சேஸி வளையும். ஆஸ்திரேலியாவில் இப்படி முதுகு வளைந்த இரட்டைக் கேபின் வண்டிகள் நிறையப் பேசப்பட்டிருக்கின்றன. பந்தல், கேட்டரிங், ஒலிபெருக்கித் தொழில் செய்யும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கனமானதை கேபினை ஒட்டி வையுங்கள்.

இரண்டாவது, பழைய வண்டிகளின் பிரேக். சில வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு சிறு கம்பி இருக்கும். வால் தாழ்ந்தால் சுமை இருக்கிறது என்று புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும் வால்வோடு அது இணைந்திருக்கிறது. காற்றுப்பை வாலை உயர்த்தினால் வண்டி காலி என்று அந்த வால்வு நம்பிவிடும். முழுச் சுமையோடு இறக்கத்தில் பின் பிரேக் குறைவாகப் பிடிக்கும். புதிய வண்டிகளில் பெரும்பாலும் மின்னணு முறை வந்துவிட்டது. பழையது வைத்திருந்தால் பொருத்துமுன் ஃபோர்மேனை அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு அந்த வால்வைத் தெரியவில்லை என்றால் வேறு ஃபோர்மேனைப் பாருங்கள்.

வண்டியில் செய்யும் மாற்றங்கள் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வருபவை. பணம் கட்டுமுன் உங்கள் வண்டியின் மாடலைச் சொல்லி ஜே.பி.ஜே. கிளையில் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, வரும் பதிலைப் பத்திரமாக வையுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத வண்டி என்றால் விற்ற இடத்திலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். கவுண்டரில் வாயால் சொல்லும் 'போலே, போலே' விபத்துக்குப் பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அந்தத் தீபாவளிக்குப் போன பயணத்தில் நானும் பின்னாலேயே என் காரில் போனேன். பாலங்களின் இணைப்பில் அண்ணன் வண்டி ஒரு முறை அமுங்கி எழுந்து அமைதியானது. முன்பு மூன்று முறை ஆடும். தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தியபோது அம்மாவிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "என்னத்தையோ மாத்திட்டான்போல, தூங்கிட்டேன்" என்றார்.

காற்றைச் சரிபார்க்கும் வேலையை அண்ணனின் நடு மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிறு காலையில் வண்டி சூடாகுமுன் இரண்டு வால்விலும் கேஜ் வைத்துப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுகிறாள். இடது பக்கம் வாரத்துக்கு ஒரு பிஎஸ்ஐ இறங்குகிறது, வலது பக்கம் இறங்கவில்லை. போன வாரம் சவர்க்காரத் தண்ணீர் தெளித்துக் குமிழி வந்த இடத்தையும் அவளே கண்டுபிடித்துவிட்டாள். வால்வு பக்கத்து இணைப்புதான். சனிக்கிழமை ஃபோர்மேன் தம்பியிடம் போக வேண்டும்.